நெரிசல் உருவாக்கத் தனி அலுவலர்

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அறிய அதன் நூலகங்களை எண்ணுகிறவர்கள் உண்டு. மருத்துவமனைகளை எண்ணுகிறவர்களும் உண்டு. பாவம், விவரம் தெரியாதவர்கள். எண்ண வேண்டியது நகராமல் நிற்கும் வண்டிகளை. வீட்டை விட்டுக் கிளம்பியவன் நினைத்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற ஊரெல்லாம் ஓர் ஊரா?

அந்தக் கணக்கில், கடலோரத்து நடுத்தர நகரம் ஒன்று தலை நிமிர வழியில்லாமல் கிடந்தது. கிராமம் என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். பெருநகரம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம் வரும். எந்தத் தெருவில் நுழைந்தாலும் கோடியில் கடல் நின்றது. புதிதாக மாட்டிய இரும்புக் கதவு அடுத்த மழைக்குள் துருப்பிடித்தது. எங்கிருந்து எங்கே போனாலும் பத்தே நிமிடம். அதற்கு மேல் ஆனால், வழியில் யாரையோ பார்த்துப் பேசிவிட்டார்கள் என்று பொருள். ஹாரன் என்ற கருவியை அங்கே வணக்கம் சொல்வதற்கு மட்டுமே வைத்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு 'பாம்' கேட்டால் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்குவார். ஊரில் தெரியாதவர் என்று யாரும் இல்லாததால், கையை இறக்குவதற்குள் அடுத்த 'பாம்' வந்துவிடும்.

இந்த அவமானத்தை மற்றவர்கள் எப்படியோ சகித்துக்கொண்டார்கள். நகராட்சித் துணை ஆணையரால்தான் முடியவில்லை. ஊர் முழுக்க அவரைச் சுருக்கமாகத் 'துணை' என்றுதான் அழைக்கும். அவர் தினமும் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். அவரும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, தட்டில் வறுத்த மீன், எதிரில் மனைவி. பிறகு ஒரு குட்டித் தூக்கம். அதற்கும் பிறகு அலுவலகம் போனால் கதவைத் திறக்க இவர்தான் முதல் ஆள். மற்றவர்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதில் ஒரு குறையும் அவருக்குத் தெரிந்ததில்லை, தலைநகரத்திலிருந்து பெரியப்பா மகன் வந்து போகும்வரை.

"மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடறியா? ஏன்டா, வேலை கீலை போயிடுச்சா?"

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து துணைக்கு மீன் முள் இல்லாமலே தொண்டையில் சிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க உத்தரவு வந்தது. 'நீடித்த, தொடர்ச்சியான, திருப்திகரமான' போக்குவரத்து நெரிசல் உள்ள ஊர்களைப் பெருநகரமாக அறிவித்து, ஊருக்கொரு மேம்பாலம் வழங்கப்படுமாம். நகராட்சித் தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். துறைமுகத்தில் படகுகள் இடித்துக்கொண்டு நிற்பதை நெரிசலில் சேர்க்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்புகளைக் காட்டலாமே என்றார் இன்னொருவர். முடிவில், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் ஒரு நல்ல நெரிசலை உண்டாக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, துணையையே 'நெரிசல் உருவாக்கத் தனி அலுவலர்' ஆக்கினார்கள். அண்ணன் முகத்தில் பாலத்தைப் பூசப் போகிற மகிழ்ச்சியோடு அவர் ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் மனைவியிடம் பயிற்சிக் கார்களைக் கேட்டார். கத்துக்குட்டிகளை நடுச்சாலையில் விட்டால் நெரிசல் தானாகவே வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

"காரைத் தரேன். ஆனா நான் கத்துக்குடுத்த பசங்க அடுத்தவனுக்கு வழி விடாம நிக்க மாட்டாங்க," என்றார் மனைவி.

"ஊர் முன்னேற வேண்டாமா?"

"நல்லா முன்னேறட்டுங்க. அப்புறம் நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

"பெரிய விஷயம் பேசறப்போ சோத்தை இழுக்காதே."

"இழுக்கலை," என்று இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க."

ஆய்வு நாளும் வந்தது. துணை ஒரு குறையும் வைக்கவில்லை. கடற்கரைச் சாலையைக் காரணமே இல்லாமல் தோண்டிப் போட்டார். எல்லா விளக்குகளையும் சிவப்பில் நிறுத்தினார். நகராட்சித் தண்ணீர் லாரி, முன்பே பேசி வைத்தபடி, நாற்சந்தியில் 'பழுதாகி' நின்றது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து, அலுவலகங்கள் ஒரே மூச்சில் திறந்து விடப்பட்டன.

தலைநகரத்திலிருந்து வந்த ஆய்வாளர் ஒல்லியான மனிதர். கழுத்தைச் சுற்றிப் பயணத் தலையணை இருந்தது. தினமும் பேருந்தில் தூங்கித் தூங்கி, அதைக் கழற்றினால் தலை நிற்பதில்லையாம். துணை பயபக்தியோடு அந்தத் தலையணையைப் பார்த்தார். பெருநகரம் என்றால் சும்மாவா?

நெரிசல் உண்டானது. ஊற்றிய தேநீர் ஆறும்வரை நின்றது. அதற்குள் ஜனங்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள். "நீங்க போங்க", "அட, நீங்க முதல்ல போங்க" என்று ஒரு மூலையில் உபசாரம் ஆரம்பித்தது. பயிற்சிக் கார்கள் அழகாகப் பின்னால் போய் எல்லோருக்கும் வழி விட்டன. மாதக்கணக்கில் கண்ணில் படாத தையல்காரரைப் பக்கத்து ஸ்கூட்டரில் கண்டுபிடித்த ஓர் அம்மாள், அங்கேயே அவர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "துணியைக் குடுத்துட்டு இதை வாங்கிக்கோ தம்பி" என்றார். மீதிப் பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மணலில் இறங்கிவிட்டார்கள். பச்சை விழுந்தால் ஒரு குரல் கொடுக்கும்படி போக்குவரத்துக் காவலரிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். நெரிசல் முழுவதும் கடல் பக்கமாகக் கசிந்துவிட்டது.

ஆய்வாளரையும் காணோம். துணை தேடிக்கொண்டு ஓடினார். அவர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். தலையணை மணலில் கிடந்தது. தலை அதன் பாட்டுக்கு நேராக நின்றது.

"நான் இருட்டுல கிளம்பி இருட்டுல வீட்டுக்குப் போறவன் சார்," என்றார் அவர், அலையைப் பார்த்தபடியே. "என் பொண்ணு முகத்தை வெளிச்சத்துல பார்த்தே ரொம்ப நாளாச்சு. 'நெரிசல் இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிடட்டுமா? இந்த ஊராவது இப்படியே இருக்கட்டும்."

துணை வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?"

அப்போது சாலையிலிருந்து ஒரு 'பாம்' கேட்டது. துணைக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. மனைவியின் கார். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார். கை தானாகவே பாதி உயர்ந்தது. அதற்குள் அண்ணன் சிரித்த முகம் கண்ணெதிரே வந்து நின்றது. துணை கையை இறக்கிக்கொண்டார்.

"ஆபீஸ்லதான் சார். டப்பா சாப்பாடு. வீட்டுக்கெல்லாம் எங்க போறது? அவ்வளவு நெரிசல்."

"அந்த ஹாரன்?"

"கோபம் சார். ஜனங்க பொறுமை இழந்துட்டாங்க."

ஆய்வாளர் தண்ணீரிலிருந்து கரைக்கு ஏறினார். பிறகு தலையணையிலிருந்த மணலைத் தட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்தார்.

பெருநகரம் பிறந்தது. மேம்பாலமும் வந்தது. பாலத்தைப் பார்க்க வண்டிகள் வந்தன. வந்த வண்டிகளுக்காகக் கடைகள் வந்தன. கடைகளுக்காக இன்னும் வண்டிகள் வந்தன. கடற்கரை ஓரம் வண்டி நிறுத்தத் தடை வந்தது. தெருக்கோடியில் கடல் இருந்த இடத்தில் தூண்கள் நின்றன. துணைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மனைவி டப்பா ஒன்று வாங்கி வந்து வைத்தார். மீன் அதே மீன்தான். சூடு மட்டும் இருக்காது. எதிரில் ஆளும் இருக்காது.

ஒரு நாள் டப்பாவைத் திறந்தவர் மூடிவிட்டு, வீட்டுக்கே போய்ச் சாப்பிடுவது என்று கிளம்பிவிட்டார். மேம்பாலத்தின் உச்சியில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். கீழே அவர் வீட்டு ஜன்னல் தெரிந்தது. திறந்திருந்தது. மனைவி தனியாகச் சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுப்பதும் தெரிந்தது.

போன் அடித்தது. ஆய்வாளர்.

உங்க ஊர்க் கடலைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் அடுத்த கடலோர ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார். மத்தியானம் வீட்டில் மகளோடு சாப்பாடாம். இங்கேயும் ஒரு தலைவர் நெரிசல் வேண்டும் என்று வந்தாராம். அவரைத் துரத்தி அனுப்பிவிட்டாராம். தலையணையைப் பூனை எடுத்துக்கொண்டதாம்.

"ஒரு வேடிக்கை சார். இங்க எப்பப் பார்த்தாலும் ஹாரன். நீங்க சொன்ன மாதிரி கோபம்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா வணக்கமாம்."

துணையின் பின்னால் ஒரு ஹாரன் நீளமாக அலறியது. பழக்க தோஷம், கை உயர்ந்தது. பின்வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டி, சத்தமாக, விளக்கமாக ஏதோ சொன்னார்.

"அட, உங்களுக்கும் யாரோ வணக்கம் சொல்றாங்க போல," என்றார் ஆய்வாளர்.

"எனக்கேதான் சார்," என்றார் துணை. "இந்தப் பாலத்தைக் கொண்டு வந்தவனோட அம்மாவைப் பத்தியும் சேர்த்து விசாரிக்கிறாங்க."