கட்டிலுக்கடியில் ஒரு திருகாணி

ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம், வெளியே அடைமழை. கோவையில் ஒரு மருத்துவமனையில் டாக்டர் என் முதுகின் ஸ்கேன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். முதுகெலும்பை ஒட்டிய தசைகளுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு. பல்லடத்துக் கோழித் தீவனக் கடையில், நாற்காலியை விட்டு எழாமல் நான் சேர்த்த சொத்து அது.

நரம்பருகே ஊசி போட்டால் வலி அடங்கும். ஆனால் தசை இப்படித் தளர்ந்திருந்தால் அந்தப் பலன் நீடிப்பது கடினம். வலி இல்லாத நாட்களிலேயே தசையை வலுப்படுத்திவிட வேண்டும் என்றார். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டும் பயிற்சியையும் விளக்கினார்.

எனக்கு ஊசி மட்டும் போதும். சென்ற தைப்பூசத்தில், பழனிக்கு நடந்தவன் தாராபுரத்திலேயே இடுப்பு பிடித்து, மைத்துனர் ரவிக்குமாரின் காரில் ஏறினேன். அன்று முதல் ஊரில் என் பெயர் ‘காரில் பாதயாத்திரை போன பாலுசாமி’. இந்தத் தையில் அதை மாற்றியாக வேண்டும்.

“நாலு கால்ல நிக்கறதுக்கு நான் என்ன கன்னுக்குட்டியா?” என்று வீடு திரும்பும் வழியில் என் மனைவி பழனாத்தாளிடம் தீர்ப்பு வழங்கினேன்.

“செரிங்க” என்றாள். அவள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டபோதே நான் விழித்திருக்க வேண்டும்.

ஊசி போட்டாயிற்று. வலி போயிற்று. ஒரு நாள் விடியற்காலையில் எழுப்பினாள்.

“ஏனுங்க, என்ற கம்மல் திருகாணி கட்டிலுக்கடில உழுந்துபோச்சுங்க. குனிஞ்சா எனக்குத் தலை சுத்துது. நீங்கதான் எடுத்துக் குடுக்கோணும்.”

விளக்குமாற்றால் தள்ளலாமே என்றேன்.

“பொன்னைப் போய்ச் சீமாத்துல தள்றதாங்க?”

மண்டியிட்டேன். அவள் டார்ச் அடித்தாள். இன்னுங் கொஞ்சம் கையை நீட்டச் சொன்னாள். பின்னால் காலையும் நீட்டினால்தான் எட்டும் என்றாள். எட்டியது.

அதன்பின் தினமும் விழுந்தது. வலக்காதுத் திருகாணி ஒரு பக்கம், இடக்காதுத் திருகாணி மறுபக்கம் எனப் பாரபட்சமின்றி விழுந்தன. ஒரு திருகாணியைக்கூடக் காதில் நிறுத்தத் தெரியாதவள் என்று நாள்தோறும் ஏசியபடியே எடுத்துக் கொடுத்தேன்.

தைப்பூசத்தில் பழனிவரை நடந்தேன். வழியெல்லாம் ஊசியின் மகிமையையே பேசினேன். திரும்பியதும், பெருந்தன்மையோடு அவள் தோட்டைப் பொற்கொல்லர் கண்ணையாவிடம் கொடுத்து, திருகாணியை இறுக்கித் தரச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மரை தேயவே இல்லீங்க. இது தானா உழுகாது. ஆராச்சும் மெனக்கெட்டுக் கழட்டுனாத்தான் உண்டு.”

வீட்டுக்கு வந்து பழனாத்தாளைப் பார்த்தேன். அவள் முறத்தில் அரிசியைப் பார்த்தாள்.

“ஊசி டாக்டர் போட்டதுங்க,” என்றாள். “திருகாணி நான் போட்டதுங்க.”

மறுநாள் காலை கண்ணையா வழக்கம்போல் கடை திறந்தார். ரவிக்குமார் நலம் விசாரிக்க வந்து, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று அடுக்களையை எட்டிப் பார்த்தார். பழனாத்தாள் இரண்டு திருகாணிகளையும் இறுக்கிக்கொண்டு, அவருக்குக் காபி ஆற்றினாள். நான் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எதுவுமே விழாத கட்டிலுக்கடியில் கையை நீட்டினேன்.

“காலையும் நீட்டுங்க” என்றது அடுக்களைக் குரல்.