குனியக் கூடாத இடுப்பு

முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குள்ளேயே தையற்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீடு வேண்டும். செங்கல் வேண்டாம்.

வீடு கட்டித் தரும் சங்கத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். ஞாயிறுதோறும் தொண்டர்கள் வந்து கட்டுவார்கள். வீடு பெறுகிற குடும்பமும் கூடவே நின்று முந்நூறு மணி நேரம் உழைக்க வேண்டும். அது முடிந்தால்தான் சாவி. பதினோரு வருஷமாக ஒற்றை அறையில் நாலு பேரும் ஒரு தையல் மெஷினும் முட்டிமோதிக்கொண்டு வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது கசக்குமா? தையற்காரருக்குக் கசந்தது. ஆறு நாள் மெஷின் மிதிக்கிற மனுஷன் ஏழாவது நாள் மண் சுமக்க வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இரண்டாவது செங்கலைத் தூக்கியதுமே, "ஐயோ இடுப்பு" என்று உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி ஓடி வந்தார்.

"எங்கண்ணே புடிச்சுக்கிச்சு?"

"நிமிர்ந்தா ஒண்ணுமில்லப்பா. குனிஞ்சாதான் உயிர் போகுது."

"அப்ப குனியாதீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, "முந்நூறு மணி நேரமும் நானே பாத்துக்கறேன் மேஸ்திரி. அவரு குனியவே வேணாம்" என்றாள். இத்தனை சுலபமாகவா ஜெயிப்பது என்று தையற்காரருக்கே கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

ஆனால் சும்மா படுத்துக் கிடப்பது லேசான வேலையா? அவரோ ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத பிறவி. இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். விசிறியைப் பார்த்தார், விசிறி அவரைப் பார்த்தது. மூன்றாவது ஞாயிறு பொறுக்க முடியாமல் மனைக்கே போய், அங்கிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தார்.

சாரத்தின்மேல் அவர் மனைவி. கையில் தூக்குக்குண்டு. கீழே தொண்டராக வந்த ஒரு பேங்க் அதிகாரி சாந்துச் சட்டியோடு பயபக்தியாக நின்றார். "சார், சுவர் சாயுது. மேல மூணு வரியப் பிரிச்சுட்டு மறுபடி கட்டுங்க" என்றாள். அவரும் பிரித்தார். தையற்காரருக்கு வயிறு எரிந்தது. அவர் வீடு, அதில் அவர் பேச்சுக்கு மட்டும் இடமில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார்.

"இப்ப வலி தேவலை. அடுத்த வாரம் வரட்டுமா?"

"வேணாங்க. குனிஞ்சா உயிர் போகும்னீங்களே."

"குனியல. நின்னு யோசனை சொல்றேன்."

"யோசனை சொல்ல அங்க எட்டுப் பேர் இருக்காங்க. கல்லு எடுத்துக் குடுக்கத்தான் ஆளில்ல."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மெஷின் போடற இடத்துல ஒரு ஜன்னல் வெச்சுடச் சொல்லு. இந்த இருட்டுல ஊசி கோத்துக் கோத்து கண்ணே போயிடும்போல இருக்கு."

இதில் மட்டும் பொய்யே இல்லை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தை எட்டு மாசம் அவரைப் படுத்தாத பாடில்லை. வைப்பாளா, மாட்டாளா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பின்சுவர்தான் தெரிந்தது. சட்டைக்குக் கை வைக்கும்போதும் ஜன்னல் நினைப்பு. ஒருத்தருக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

சாவி கொடுத்த அன்று முதல் ஆளாக உள்ளே ஓடினார். இருந்தது. மெஷின் அகலத்துக்கு, தெருவைப் பார்த்து, வெளிச்சம் கொட்டுகிற ஜன்னல். இப்படிப்பட்டவளையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார்.

"இங்க வாங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இது உங்களுக்குன்னே தனியாக் கட்டினது."

அடுப்பு மேடை, பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற தொட்டி. இரண்டும் ஊரில் இல்லாத உயரம். அவர் தோளுக்குக்கூட வராத மனைவிக்கு மேடை நெஞ்சை முட்டியது.

"என்ன இது, இவ்வளவு உசரம்?"

"உங்க முழங்கை அளவுங்க. மத்தியானம் நீங்க தூங்கறப்ப உங்க டேப்பாலயே எடுத்தேன். இனிமே காய் நறுக்க, பாத்திரம் தேய்க்க, எதுக்கும் நீங்க குனிய வேணாம்."

"நானா தேய்க்கணும்?"

"எனக்கு எட்டலையேங்க."

கையை வைத்துப் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. அவரே எடுத்திருந்தாலும் இப்படி அமைந்திருக்காது.

"இந்தா பாரு, எனக்கு இடுப்பு சரியாப் போச்சு" என்று பதறி, குனிந்து கால் விரலைத் தொட்டார். நம்பாமல் போய்விடுவாளோ என்று இன்னும் இரண்டு தரம் தொட்டார்.

வாசலில் நின்ற மேஸ்திரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "குணமாயிடுச்சா அண்ணே? நல்ல நேரத்துல சொன்னீங்க. பக்கத்து மனையில நாளைக்கு அஸ்திவாரம் தோண்டறோம். நாள் பூராவும் குனிஞ்ச வேலைதான், ஆள்தான் கிடைக்கல."

"வருவாரு மேஸ்திரி" என்றாள் மனைவி. "நமக்கு எத்தனை பேர் வந்து உழைச்சாங்க. இல்லீங்களா?"

தையற்காரர் மெதுவாக நிமிர்ந்தார். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு எங்கே என்று கேட்டார்.