கொழும்பில் ரூம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு

மேல் பிரிவு லயம்,
தலவாக்கலை.
வெள்ளிக்கிழமை காலை.

என் கூடப்பிறந்த அழகனுக்கு அக்கா நாகலெட்சுமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சானும் உடம்புக்குச் சுகம், மனசுக்குச் சுகமில்லை. அங்கே நீயும் சுதர்ஷினியும் பிள்ளையும் இரண்டுக்கும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் எல்லாம் என் மடியில் கிடக்கிறது. என்னுடையது, உன் மச்சானுடையது, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவுடையது, அதற்கடுத்த வீட்டுக்காரருடையது, எல்லாவற்றையும் அணைத்து வாங்கி வைத்திருக்கிறேன். கதவைச் சாத்திய உள் காம்பராவில் உன் மருமகள் லோஜினிக்கு இப்போது பரீட்சை மாதிரி ஒன்று நடக்கிறது, இந்த லயத்து வரிசை வீடுகளில் வேறு யாரும் சிக்னலை இழுத்துவிடக் கூடாது. 'அதெல்லாம் தேவையில்லம்மா' என்றுதான் அவள் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பரா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, கதவில் காதை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காது கதவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்.

அவள் வேலையைப் பற்றி உனக்குச் சொல்லியிருப்பாள். ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னோர் ஊரில் இருக்கிற கம்ப்யூட்டரை இயக்குவது. அங்கே ஸ்க்ரீனில் என்ன தெரிகிறதோ அது இங்கே தெரிய வேண்டும், அதுவும் உடனே. முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பினால் லைன் தாங்காதாம். மாறின இடத்தை மட்டும் பார்த்து அனுப்ப வேண்டுமாம். தேயிலைக் கொழுந்து வந்த மலைக்கு மட்டும் கங்காணி ஆள் அனுப்புகிற மாதிரி என்று நான் சொன்னேன், 'சரியா சொன்னீங்கம்மா' என்றாள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

இன்றைக்குக் கொழும்பு ஆபீசுக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். தலவாக்கலை டவுனில் ரிஸ்கானின் போட்டோகொப்பிக் கடையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரை அவர்கள் கொழும்பில் இருந்து இயக்கிப் பார்ப்பார்கள். எழுத்தை அமுக்கினால் உடனே தெரிய வேண்டும். பிடித்திருந்தால் லோஜினி வீட்டில் இருந்தே வேலை செய்யலாம். பிடிக்காவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டு அடுத்த மாதமே கொழும்பு ஆபீசுக்குப் போய்விட வேண்டும். உன்னிடம் ரூம் பார்க்கச் சொல்லி இப்போதே கேட்டு வைத்திருக்கிறாளாமே! தம்பி, நீ என் வயிற்றில் பாலை வார்க்க வேண்டும். கொழும்பில் ரூமே இல்லை என்று சொல்லிவிடு. எல்லாம் இடித்துக் கட்டுகிறார்கள் என்று சொல். உனக்குப் பொய் சொல்ல வராது, சுதர்ஷினியை விட்டுச் சொல்லச் சொல்.

இந்த வாரம் நடந்த அநியாயத்தைக் கேள். இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு நான் தினமும் விபூதி வைக்கிறேன். அந்தப் பக்கத்துக்கு யார் வைப்பது? ரிஸ்கான் கடைக்குப் போய், 'தம்பி, ஸ்க்ரீன்ல ஒரு முருகன் படம் போட்டு விடுங்க' என்றேன். தங்கமான பிள்ளை, சும்மா படமா போட்டான்? இரண்டு பக்கமும் குத்துவிளக்கு அசைந்து அசைந்து எரிகிறது, மேலே இருந்து பூ கொட்டிக்கொண்டே இருக்கிறது. 'பூ என் செலவு ஆன்டி' என்றான். கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் லோஜினி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கொட்டுகிற ஒவ்வொரு பூவும் மாற்றமாம், அதையெல்லாம் அனுப்பப் போய் எழுத்துக்கு வழியில்லாமல் போய்விட்டதாம். அ என்று அமுக்கினால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்க்கலாமாம். படத்தை எடுக்கச் சொல்லி ரிஸ்கானிடம் கேட்டிருக்கிறாள். 'நான் முருகனை எடுத்தேன்னு ஊர்ல ஒரு கதை வரணுமா? ஆன்டி சொன்னாத்தான் கை வைப்பேன்' என்று சொல்லிவிட்டான். நான் சொல்வேனா? நல்ல காரியத்துக்கு வைத்த சாமியை நடுவில் எடுப்பார்களா? 'உன் மெசின் சாமியைத் தாங்கலன்னா வெள்ளைக்காரனை எப்படிடீ தாங்கும்' என்று கேட்டேன். சோறு கூடத் தின்னாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று லோஜினியின் ஸ்க்ரீனை எட்டிப் பார்க்கிறேன், ஐயோ அழகா, விளக்கு அசையவில்லை! பூவும் இல்லை. முருகன் போட்டோ மாதிரி நிற்கிறார். பரீட்சைக்கு முதல் நாள் விளக்கு நின்றால் என்ன அர்த்தம்? கட்டின சேலையோடு பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு ஓடினேன். கடையில் பார்த்தால் விளக்கு ஜம்மென்று எரிகிறது, பூ கொட்டுகிறது, ரிஸ்கான் எனக்கு பிளேன்டீ வாங்கிக் கொடுக்கிறான். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரும்பவும் அசையவில்லை.

'அங்க எரியுது. இங்க மட்டும் காட்ட வேணாம்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அவ்வளவுதாம்மா' என்றாள் லோஜினி. 'எழுத்துதான் முதல்ல வரணும். விளக்கு வராட்டி யாரும் கேக்க மாட்டாங்க.'

'முருகன் கேக்க மாட்டாரா?'

'அம்மா! மழை பெய்ஞ்சா லைன் இல்ல, காத்தடிச்சா கரண்ட் இல்ல. அதையெல்லாம் சமாளிச்சிட்டேன். உங்களைத்தான் சமாளிக்க முடியல. என் ஸ்க்ரீனுக்குள்ளயும் வந்துட்டீங்க, சாமியையும் கூட்டிக்கிட்டு!'

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. உன் மச்சான் நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பண்ணினார். பூ வேண்டாம், விளக்கு இருக்கட்டும் என்று முடிவானது. எழுத்தெல்லாம் போன பிறகு, மிச்ச இடத்தில் விளக்கு மெள்ள மெள்ள அசைந்தால் போதும் என்று ராவோடு ராவாக ஏதோ எழுதிச் செய்தாள். என்னோடு மட்டும் பேசவில்லை.

இரு. உள்ளே குரல் மாறுகிறது.

வெளியே மழை பிடித்துவிட்டது, எதிர் லயம் தெரியவில்லை. பேச்சியம்மா வந்து, 'கட்டார்ல இருந்து மகன் எடுப்பான், போனைக் குடு' என்று வாசலில் நிற்கிறாள். 'உன் மகன் ஓடிட மாட்டான், என் மகதான் போயிருவா' என்று வாயைப் பொத்தி உட்கார வைத்திருக்கிறேன். லோஜினி 'ஹலோ, ஹலோ' என்கிறாள். ஒரு வெள்ளைக்காரன் என்னமோ கேட்கிறான். ஸ்க்ரீன் நின்றுபோச்சு என்கிறானாம், உன் மச்சான் சன்னல் பக்கம் நின்று எனக்குச் சைகை காட்டுகிறார். முருகா, இந்தப் பிள்ளையை விட்டுவிடாதே.

லோஜினி இங்கிலீசில் சொல்கிறாள். 'லேம்ப், லேம்ப்' என்றது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அப்புறம் அவன் சிரிக்கிறான்! உன் மச்சான் மெள்ள வந்து விளக்கினார்: யாரும் ஒன்றும் அமுக்காததால்தான் ஸ்க்ரீன் அப்படியே இருந்திருக்கிறது, லைன் உயிரோடு இருக்கிறதா என்று அசைகிற விளக்கைப் பார்த்தால் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது தட்டுகிறான். தட்டத் தட்ட எழுத்து வருகிறதாம். இந்த மழையில்!

கதவு திறந்துவிட்டது. 'பாஸ்ம்மா' என்று சொல்லிக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிட்டாள் தம்பி. பேச்சியம்மாவும் அழுகிறாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. இனி என் பிள்ளை என் வீட்டில்தான். நீ பொய் சொல்லவும் வேண்டாம், ரூம் பார்க்கவும் வேண்டாம்.

சுதர்ஷினிக்கு என் அன்பு, பிள்ளைக்கு என் முத்தம், உனக்கு முருகன் அருள் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

உன் அக்கா,
நாகலெட்சுமி

பி.கு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் கையில் கொண்டுவந்து தருகிறவள் லோஜினிதான், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறாள். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன், அவள் கண்ணில் படாமல் படி. சோறு தின்று முடித்துக் கை கழுவிவிட்டுச் சொன்னாள்: 'எங்க இருந்தும் செய்யலாம்னு சொல்லிட்டாங்கம்மா. அப்ப கொழும்புல இருந்தும் செய்யலாம்ல? போகச் சொன்னா அழுதுக்கிட்டு போயிருப்பேன். இப்ப யாரும் சொல்லல, அதான் போகலாம்னு இருக்கு. நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு வேலை ஓடாது, நீங்க இல்லன்னா சோறு இறங்காது. ஒரு ஆறு மாசம் சோறு இறங்காம இருந்து பாக்குறேன்.' நான் பெட்டியை இறக்கித் துடைத்துக் கொடுத்துவிட்டேன். நல்ல ரூமாகப் பார் தம்பி. பொய் சொல்லித் தொலைத்துவிடாதே.