காத்து மாமா பிடித்த கொடுவா

ஆடிக்காற்று கிளம்பினால் அபிராமபுரத்தில் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடிக் கொடித்துணியைப் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் தூண்டிலைத் தேடிய ஒரே ஆத்மா எங்கள் காத்து மாமாதான். அவருடைய சொந்தப் பெயர் தபால் பெட்டியில் எழுதியிருக்கிறது. யாரும் படித்ததில்லை.

எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. மாமி போனபின் தனிக்கட்டை. ரத்தக்கொதிப்புக்கு டாக்டர், “நிதானமா ஏதாவது பண்ணுங்க” என்றார். வெளிநாட்டிலிருக்கும் மகன் உயர்ந்த ரகத் தூண்டில் ஒன்றை அனுப்பிவைத்தான். மாமாவுக்குக் கொதிப்பு இறங்கிவிட்டது. எனக்கு ஏறிவிட்டது. துணைக்குப் போக வாய்த்தவன், கீழ்வீட்டுக்காரனான நான்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் போன் வரும்.

“சார், ஜன்னல் அடிச்சுக்கறது. கேக்கறதோ?”

“கேக்குது மாமா. இப்பத்தான் சாத்திட்டுப் படுத்தேன்.”

“சாத்தாதேள்! கெளம்புங்கோ!”

வாசலில் அந்தோணியின் ஆட்டோ நிற்கும். பாலவாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. படகேறினால் வாந்தி எடுப்பான் என்பதால் ஆட்டோ ஓட்ட வந்தவன். நங்கநல்லூர் தாண்டி ஒரு ஏரிக்கு எங்களைக் கொண்டுபோவான். ஏதோ ஒரு வெள்ளத்தில் பண்ணைக்குட்டையிலிருந்து தப்பிய கொடுவா மீன்கள் அந்த ஏரியில் வளர்வதாகப் பேச்சு. பேச்சுதான், பார்த்தவர் இல்லை.

மாமாவிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. காற்று எந்தக் கரைக்குக் குஞ்சுமீன்களைத் தள்ளுகிறதோ, அங்கேதான் பெரிய மீன் சாப்பிட வருமாம். ஆகவே மற்றவர்கள் எதிர்க்கரையில் காற்றுக்கு முதுகைக் காட்டி வேர்க்கடலை கொறிக்க, நாங்கள் முகம் நிறைய மண் வாங்கிக்கொண்டு நிற்போம். மாமா தூண்டில் முனையில் இரையாக மாட்டி வீசும் ரப்பர் மீன் பத்தடி போய், சற்று யோசித்து, எங்களிடமே திரும்பி வரும். ஒருமுறை என் காலரில் மாட்டியது. இன்னொரு முறை பாறையில் காய்ந்துகொண்டிருந்த லுங்கியில் மாட்டி, லுங்கி கொடிபோல் பறந்தது. லுங்கிக்காரர் கழுத்தளவு தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார். அது கைக்கு வந்து சேரும்வரை அவர் பேசிய தமிழை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.

“காத்துக்கு அடியில தாழ்த்திப் போடு மாமா! வானத்துலயா மீன் கீது?” என்று அந்தோணி கத்துவான். நூல் இடியாப்பமாகிவிடும். சிக்கெடுப்பது என் இலாகா. இரண்டு வருஷம் எடுத்தேன். இடுப்பு போயிற்று, மீன் வரவில்லை. வந்தாலும் விட்டுவிடுவதாகத்தான் ஏற்பாடு. மாமா முட்டைக்கடை இருக்கும் பக்கமே நடக்காத சைவம். “பிடிக்கறது வேற சார், கொல்றது வேற” என்பார்.

இந்த ஆடியில் ஒரு ஞாயிறு, அந்தோணியின் முகம் சரியாக இல்லை. ஏரிக்கரையில் கேட்டேன்.

“தங்கச்சியப் பாக்க மத்தியானம் மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்க சார். நாலு நாளா காத்துல ஒரு படகுகூட கடல்ல எறங்கல. மீன்காரன் வூட்ல வந்தவங்களுக்கு சாம்பாரா ஊத்துறது? மானம் பூடும்.”

“அப்புறம் ஏன்யா இங்க வந்தே?”

“நான் வரலேன்னா மாமா பஸ்ஸு புடிச்சுத் தனியாப் பூடுவாரு.”

காற்றில் இது மாமாவின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ரப்பர் மீனைத் தாழ்த்தி வீசினார். தூண்டில் வில்லாக வளைந்தது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெள்ளிப் பாளமாக ஒன்று எம்பி விழுந்தது. “இழுக்காத மாமா! ஓட வுடு!” என்று அந்தோணி குதித்தான். மாமாவின் வேட்டி பாய்மரமாக விரிந்து அவரை ஏரிக்குள் தள்ள, நான் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என் இடுப்பு ‘படக்’ என்றது. கால்மணி நேரத்துக்குப் பிறகு கரைக்கு வந்தது ஒரு கைநீளக் கொடுவா.

அந்தோணி கொக்கியைக் கழற்றினான். இரண்டு கையாலும் மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, “வுட்டுறவா மாமா?” என்றான்.

மாமா மீனைப் பார்த்தார். அதன் வாய் திறந்து திறந்து மூடியது. அந்தோணியைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“விடாதே. எடுத்துண்டு போ. பாவம் என்னோட இருக்கட்டும்.”

அந்தோணி மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கினான். “அப்போ நீயும் வூட்டுக்கு வரணும்” என்றான்.

மத்தியானம் பாலவாக்கத்தில், மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்கு மறுபக்கம் நான். அவர் இலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதம், மாவடு. குழம்பு வாளி கடக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு இலையாகப் பார்த்து, “முள்ளு இருக்கும், பாத்து சாப்பிடுங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

“யாரு இந்தப் பெரியவரு?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

“எங்க மாமா. அவருதான் மீன் புடிச்சாரு” என்றான் அந்தோணி.

பெண் பிடித்திருக்கிறது என்று பாயசத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். மாமா என் காதருகே குனிந்தார். “இத்தனை பேரோட பந்தியில உக்காந்து எவ்வளவோ நாளாச்சு சார்.”

அவருடைய இலை காலியாகியிருந்தது. எனக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது, கண்ணெல்லாம் மண், வீட்டுக்குப் போய் விழுந்தால் போதுமென்றிருந்தது. நான் எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார்.

இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.