மகானின் மஞ்சள் கரு

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகைக்கு மறுபடி யோகம் அடித்துவிட்டது. காலையிலேயே வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. படம் ஒன்றும் இல்லை, முட்டைதான்.

மஞ்சக்கரு மகான் உங்கள் டம்ளரில் ஒரு மஞ்சள் கருவை உடைத்து, மந்திரநீர் ஊற்றிக் கலக்குவார். ஒரு மணி நேரம் அதைக் கைகளுக்குள் பொத்திக்கொண்டு தியானிக்க வேண்டும். பிறகு டம்ளரைக் கொதிநீரில் இறக்குவார்கள். கரு இறுகினால் உடம்பில் விஷம், மறுபடி வரவேண்டும். இறுகாவிட்டால் விஷம் இறங்கிவிட்டது. மாத்திரைகளை வாசலில் இருக்கும் குப்பைக் கூடையில் போட்டுவிடலாம். எல்லா நோய்க்கும் இதே முட்டைதான். கோழி எந்தக் கல்லூரியில் படித்ததோ தெரியவில்லை.

மயோனைஸ் சாஸ் தொழிற்சாலையில் முட்டைக் கலவை பார்க்கும் ஒருத்தியும் கணவரோடு வந்திருந்தாள். தையல்காரரான அவருக்குச் சர்க்கரை நோய். தையல் இயந்திரத்தை மிதிக்கும் காலில் ஆறாத புண். இன்சுலின் ஊசியை நிறுத்தினால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு முறை இறுகிய கரு இன்று இறுகாவிட்டால் ஊசி கூடைக்குப் போய்விடும்.

முன்வரிசையில் அவளுடைய தொழிற்சாலை மேஸ்திரி டம்ளரைப் பொத்திக்கொண்டு கண்மூடி இருந்தார். கொதித்தாலும் இறுகாத கருவைப் பீப்பாய் பீப்பாயாகப் பார்க்கும் மனிதர். அங்கே அதற்குப் பெயர் உற்பத்தி, இங்கே அருள். அவரைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பொறி தட்டியது. கணவரை உட்கார வைத்துவிட்டு, எதிரே இருந்த தொழிற்சாலைக்கு ஓடிப்போய் ஒரு சிட்டிகைப் பொடியோடு வந்தாள்.

"சாமி, இவருக்குப் புண்ணு இருக்கு, கொதிக்க வைக்காத தண்ணி ஆகாது. உங்க தண்ணியக் கால் மணி நேரம் கொதிக்க வச்சு, ஆறினதும் ஊத்தலாமா? சக்தி போயிடாதே?"

மகான் சிரித்தார். "என் சக்திய நெருப்பு என்ன பண்ணும்? தாராளமா செய்ம்மா."

பாவம், பொடி வாங்கத் தெரிந்தவருக்கு அதன் குணம் தெரியவில்லை.

கொதித்து ஆறிய நீர் கணவரின் டம்ளருக்குப் போனது. அவள் இன்னொரு டம்ளரில் கருவோடு குழாய்த் தண்ணீரும் தன் பொடியும் கலந்து பொத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து எல்லா டம்ளர்களும் கொதிநீருக்குள் இறங்கின.

மேஸ்திரியின் கரு இறுகவில்லை. கணவரின் கரு கல்லாகிவிட்டது. குழாய்த் தண்ணீர்க் கரு கூழாகவே நின்றது.

"இவன் மனசுல சந்தேகம்" என்றார் மகான்.

"எனக்கும் சந்தேகம்தான், சாமி. என் டம்ளர் இறுகலையே" என்ற அவள் மீதிப் பொடியை மேஸ்திரியிடம் நீட்டினாள். "அண்ணே, நம்ம கலவை மிஷின்ல போடுற பொடிதானே இது?"

மேஸ்திரி பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார். "ஆமாம்மா. பாஸ்போலிபேஸ்."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நம்ம உடம்போட ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பால ஒரு சுவர் இருக்கு. அந்தக் கொழுப்ப வெட்டுற நொதிக் குடும்பம் இது. பாம்பு விஷத்துல இருக்கு, நம்ம குடல்லயும் இருக்கு. மஞ்சள் கருவுலயும் அதே கொழுப்புதான். கைச்சூட்டுல வச்சா வெட்டிடும், கரு இறுகாது. நம்ம பொடியக் கொதிக்க வச்சா செத்துடும். சாமியோட சக்தியும் அப்படித்தான் செத்திருக்கு."

மேடைக்குப் பின்னால் பொடி டப்பாக்கள் அகப்பட்டன. மகான் பின்வாசலில் அகப்பட்டார்.

"அப்ப என் விஷம்?" என்றார் கணவர்.

"விஷம் இல்லைங்க, சர்க்கரை. ஊசியப் பையில வைங்க. டாக்டர்கிட்ட போலாம்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலில் கூட்டம் அவளை மறித்தது. ஒருவர் கைகூப்பினார். "தாயே, நீங்க எந்தக் கிழமை தரிசனம் தருவீங்க?"

"முட்டைய வேக வைக்க அடுப்பு போதும்" என்றாள் அவள். "அந்தத் தலைய எதுக்கு வச்சிருக்கீங்கன்னு வீட்டுக்குப் போய் யோசிங்க."