அக்காவுக்கு விழுந்த கார்

சும்மா கிடைப்பதை வாங்கும்போது கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் பெரியப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். மூடியா, விரித்தா என்பது மட்டும் இப்போது நினைவில்லை. நினைவிருந்தால் எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சொல்லியிருப்பேன்.

அவருடைய அக்காவுக்குத் தபாலில் கார் விழுந்தது. அதாவது, விழுந்திருப்பதாகக் கடிதம் வந்தது. ‘லட்சத்தில் ஒருவராகிய தாங்கள்’ என்று தொடங்கி, அனுப்பும் செலவை மட்டும் முன்கூட்டியே கட்டும்படி பணிவன்புடன் முடிந்தது. அக்கா வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள்.

“நாளைக்கே வித்துடலாம்டா.”

“நீ எந்தப் போட்டியிலயும் கலந்துக்கவே இல்லையேக்கா?”

“கலந்துக்காமலே ஜெயிச்சிருக்கேன். உனக்குப் பொறாமை.”

வளையலைக் காப்பாற்ற அவர் நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்கு ஓடினார். எழுத்தர் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

“எப்பங்க ஏமாந்தீங்க?”

“இன்னும் ஏமாறலைங்க. அதுக்கு முன்னாடியே வந்துட்டேன்.”

“அவசரப்பட்டுட்டீங்களே! இது பாதிக்கப்பட்டோர் பிரிவு. பாதிக்கப்படவிருப்போருக்குப் பிரிவு கிடையாது. போய் முறைப்படி ஏமாந்துட்டு, ரசீதோட வாங்க.”

“ஏமாத்துறவன் ரசீது குடுப்பானா?”

“குடுக்கலைன்னா ஏமாத்தினான்னு எப்படி நிரூபிப்பீங்க? குடுத்தான்னா நாணயமான ஆளு. அப்புறம் எதுக்குப் புகார்?”

கடைக்காரர் அதிகாரியைப் பார்த்தே தீருவேன் என்று கடிதத்தோடு உள்ளே போனார். அதிகாரி ஜன்னலோரம் நின்றிருந்தார். கீழே முற்றத்தில் இரண்டு பேர் சுண்ணாம்பால் பெரிய பெரிய கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சார், இந்தக் கம்பெனியை உடனே மூடணும்!”

அதிகாரி பதறித் திரும்பினார். “மூடிட்டா எங்க காரை யாருய்யா குடுப்பா?”

“எந்தக் கார் சார்?”

“எனக்கு ஒண்ணு, எழுத்தருக்கு ஒண்ணு, வாட்ச்மேனுக்கு ஒண்ணு. அவருக்கு வெள்ளைக் கலர். எல்லாரும் கட்டியாச்சு. நிறுத்த இடம் பத்தாதேன்னு நாங்க கட்டம் போட்டுட்டிருக்கோம், நீங்க என்னடான்னா...”

புகார் கொடுக்க வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்யா, வண்டி சீக்கிரம் வரணும்னு மனு குடுக்க நாங்க காலையிலேர்ந்து நிக்கிறோம். நீ மூடச் சொல்றியா? நல்லாயிருப்பியா?”

கடைக்காரர் ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் யார் பெயரும் எழுதப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வளையல்களை அக்காவின் கையிலேயே திரும்பப் போட்டுவிட்டார். கடையிலிருந்த கண் பரிசோதிக்கும் மெஷினை விற்று அனுப்பும் செலவைக் கட்டுவது என்று முடிவு செய்தார்.