தலையாட்டினால் திருப்பு

"டோக்கன், உனக்கு பியானோ தெரியும்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கியே, நிஜமா?"

மேலாளர் இப்படிக் கேட்டபோது அவள் நாற்பத்தோராம் எண் குடையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புது இசை அரங்கத்துக்கு வருகிறவர்களின் பைகளையும் குடைகளையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்குமே அவள் 'டோக்கன்'தான். வேலைக்குச் சேர்ந்து அன்றோடு மூன்று மாதம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் மேலாளரின் சட்டைப்பையில் நான்காக மடிந்து கிடந்தது. கையெழுத்துதான் பாக்கி.

விண்ணப்பத்தில் 'பிற திறமைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பச் சொன்னது அக்கா புருஷன். "பியானோன்னு போடு. பை வாங்கி வைக்கிற வேலைக்கு எவன் வந்து உன்னை வாசிச்சுக் காட்டச் சொல்லப் போறான்?"

"கொஞ்சம் தெரியும் சார்," என்றாள். கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டால் பொய் பாதியாகக் குறையும் என்பது அவள் எண்ணம்.

"கொஞ்சம் போதும். பியானோக்காரருக்குப் பக்கத்துல உட்கார்ந்து மியூசிக் புத்தகத்தைப் பக்கம் பக்கமாத் திருப்பணும். வழக்கமாத் திருப்பற ஆளுக்கு வயித்தக் கலக்கி வீட்டுக்குப் போயிட்டான். இன்னும் பத்து நிமிஷத்துல கச்சேரி."

"சார், குடையெல்லாம் அப்படியே..."

"குடை எங்கயும் ஓடிடாது. வா. இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா இன்னைக்கே கையெழுத்து. சொதப்பினா..." மேலாளர் வாக்கியத்தை முடிக்கவில்லை. சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

பியானோக்காரர் பெயரெடுத்த பெரியவர். மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவளுக்குக் கை கொடுத்தார். கை ஐஸ் கட்டி மாதிரி இருந்தது, நெற்றியிலோ முத்து முத்தாக வியர்வை. ஏசி கைக்கு மட்டும் அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

"எப்பத் திருப்பணும் சார்?"

"நான் தலையாட்டுவேன்."

அவருடைய கோட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி, "நீ பக்கத்துலயே இரும்மா, அது போதும். நடுவுல எந்திரிச்சு மட்டும் போயிடாதே," என்றார்.

மேடையில் போய் உட்கார்ந்ததும் எதிரே ஆயிரத்து இருநூறு முகங்கள். கடைசி வரிசையில் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தாலும் மேடையில் கேட்கும் என்று கட்டியவர்கள் மார்தட்டிக்கொண்ட அரங்கம் அது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது பால்கனிவரை கேட்குமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எதற்கும் முறையாகச் செய்வோம் என்று புத்தகத்தை எண்ணிப் பார்த்தாள். முப்பது தாள்.

பியானோக்காரர் வாசிக்கத் தொடங்கினார். தலையாட்டினார். திருப்பினாள். மறுபடியும் ஆட்டினார். திருப்பினாள். பிறகுதான் விஷயம் புரிந்தது. மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ரகம். மெதுவாக வாசித்தால் மெதுவாக ஆட்டினார், வேகமாக வாசித்தால் வேகமாக. நடுவில் ஒரு தும்மலை அடக்கினார், அதற்கும் ஆட்டினார். நான்கே நிமிடத்தில் பத்தொன்பது தாள் போய்விட்டது.

மனக்கணக்குப் போட்டாள். கச்சேரி முப்பது நிமிடம், புத்தகம் முப்பது தாள். நிமிடத்துக்கு ஒன்று. அப்படியென்றால் பதினைந்து தாள் முந்திக்கொண்டு வந்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளினால் யாருக்குத் தெரியப் போகிறது?

தள்ளினாள். பியானோக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் வேகமாகத் தள்ளினாள். அவசரத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. எச்சில் தொட்டுப் பிரிக்கலாம். ஆயிரத்து இருநூறு பேர் முன்னால் அது மரியாதையா? மரியாதை இல்லை என்று முடிவு செய்து நகத்தால் இழுத்தாள். ஒரு தாள் கையோடு வந்துவிட்டது.

கிழிந்த சத்தம் பால்கனிவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. கட்டியவர்கள் மார்தட்டியதில் தப்பே இல்லை.

தாளை மடியில் ஒளித்தாள். ஏசிக் காற்றில் அது பறந்துபோய் பியானோவின் அடியில் விழுந்தது. செருப்பு நுனியால் அதை இழுக்கப் போக, முழங்கால் இடித்துப் புத்தகமே சரிந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மறுபடி நிறுத்தினாள். அந்தக் கறுப்புப் புள்ளிகள் எப்படிப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. ஓரத்துப் பக்க எண்ணைப் பார்த்த பிறகுதான் புத்தகம் தலைகீழாக நிற்பது தெரிந்தது. நிமிர்த்தி வைத்தாள். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். திரையோரத்தில் மேலாளர், இதயத்தைப் பிடிப்பதுபோல் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் தோளுக்கு ஏறி, முதுகு வழியாக நாற்காலிக்கு இறங்கியது. நாற்காலி கிறீச் கிறீச்சென்றது. பியானோக்காரர் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சிரித்தார். அவர் நெற்றி காய்ந்திருந்தது. அங்கிருந்த வியர்வையெல்லாம் இப்போது அவளிடம் வந்திருந்தது.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அடிப்பதற்கு முன்னால் அப்படித்தான் சிரிப்பார். அதற்குமேல் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கச்சேரி முடிந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பியானோக்காரர் அவளையும் இழுத்து நிறுத்தி வணங்க வைத்தார். ஊர் முன்னால் மாட்டிவிடுகிறாரே என்று அவளுக்கு அழுகை வந்தது.

திரைக்குப் பின்னால் மேலாளர் காத்திருந்தார். "புத்தகத்தைத் திருப்பச் சொன்னா துணி துவைச்சுட்டு வந்திருக்கே!"

"உண்மையைச் சொல்லிடறேன் சார். எனக்கு பியானோ கொஞ்சம்கூடத் தெரியாது. அக்கா புருஷன்தான் எழுதச் சொன்னார்."

மேலாளர் கடிதத்தை வெளியே எடுத்தார். பேனாவை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் கடிதத்தின் நடுவில் பிடித்தார்.

அவள் பியானோக்காரரின் மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, சாரோட புத்தகத்தையும் கிழிச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

"கிழிஞ்சா போகட்டும்," என்றபடி அந்த அம்மா கைப்பையைத் திறந்து கணவரின் மூக்குக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். "இது இல்லாம அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அதுவும் அது வேற ஏதோ பாட்டுப் புத்தகம்."

"அப்புறம் எதுக்குங்க திருப்ப ஒரு ஆளு?" மேலாளரின் கை அப்படியே நின்றது.

"மேடையில தனியா உட்கார அவருக்கு பயம் சார். அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடாதீங்க, நாளைக்கும் இந்தப் பொண்ணேதான் வேணுமாம். நாப்பது வருஷத்துல அவரைவிட அதிகமா நடுங்கற ஆள் இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கு!"